மேப்புக்காக மேல் வேரியன்ட் எடுக்கலாமா?

கேள்வி: குடும்பத்துக்காகப் புது கார் வாங்கப் போகிறோம், ஐந்து வருடக் கடனில். நாங்கள் பார்த்த மாடலில் கம்பெனி நேவிகேஷன் (காரிலேயே பதிந்து வரும் வழிகாட்டி மேப்) வேண்டுமென்றால் ஒரு படி மேலே உள்ள வேரியன்ட் எடுக்க வேண்டும். கீழ் வேரியன்ட் வாங்கி, வெளியில் டச் ஸ்கிரீன் போட்டால் செலவு மிகக் குறைவு என்கிறான் தம்பி. வெளியில் போட்டால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள் ஷோரூமில். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கீழ் வேரியன்ட்டிலேயே ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்பிளேவும் வேலை செய்யும் திரை இருக்கிறதா? இருந்தால் தம்பி சொன்னதும் தேவையில்லை, ஷோரூம் சொன்னதும் தேவையில்லை. போனில் உள்ள மேப் அப்படியே காரின் திரைக்கு வந்துவிடும். அது எப்போதும் புதிதாக இருக்கும், போக்குவரத்து நெரிசலும் தெரியும். 2014-15இல் இவை இரண்டும் வந்த பிறகு, மேப்புக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கக் காரணம் ரொம்பவே குறைந்துவிட்டது.

கம்பெனி நேவிகேஷனுக்கு ஒரு நிஜமான பலம் உண்டு. சுரங்கப்பாதையிலோ அடுக்குமாடி பார்க்கிங்கிலோ செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காதபோது, சக்கரம் சுழலும் வேகத்தையும் வண்டி திரும்பும் கோணத்தையும் வைத்து இருக்கும் இடத்தை அதால் கணிக்க முடியும். மேப் காரிலேயே பதிந்திருப்பதால் நெட் இல்லாத மலைப்பாதையிலும் வழி காட்டும். ஆனால் போனிலும் அந்தப் பகுதியின் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாமே. தவிர, கார் மேப்பின் அப்டேட் பல கார்களில் சில வருடம்தான் இலவசம், அப்புறம் சந்தா கட்ட வேண்டும். காருக்குள் இருக்கும் இணைய இணைப்பும் நிரந்தரமல்ல. அமெரிக்காவில் 2022இல் 3ஜி சேவையை நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கார்களில் இணையச் சேவைகள் நின்றுபோயின.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இரண்டு வேரியன்ட்டின் விலை வித்தியாசத்தை 100 என்று வையுங்கள். 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணையில் அது ஏறக்குறைய 125 ஆகிறது. கார் விலை கூடுவதால் இன்சூரன்ஸும் கூடலாம். ஐந்து வருடம் கழித்து விற்கும்போது, பழைய மேப்புக்கென்று தனியாக விலை கேட்டுப் பாருங்கள், யாரும் தர மாட்டார்கள்.

ஆனாலும் மேல் வேரியன்ட்டை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடாதீர்கள். அதில் கூடுதல் ஏர்பேக், ரிவர்ஸ் கேமரா, வண்டி வழுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் சேர்ந்தே வரலாம். இரண்டு வேரியன்ட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் தனியாக விற்றால் வாங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்சீட்டில் பிள்ளைகள் உட்காரும் வண்டி. பாதுகாப்புக்காக மேலே போனால் நான் தடுக்க மாட்டேன், தாராளமாகப் போங்கள்.

கீழ் வேரியன்ட்டில் திரையே இல்லை, மேலே போகவும் மனமில்லை என்றால் வெளியில் போடலாம். பல கார்களில் ஒயரை வெட்டாமல், செருகி மாட்டும் கப்ளர் வைத்தே இணைக்க முடியும்; அப்படிச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். ஸ்டீயரிங் பட்டன்களும் ரிவர்ஸ் கேமராவும் வேலை செய்யுமா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். ஏசி கன்ட்ரோலே திரைக்குள் இருக்கும் கார் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். வாரண்டி விஷயத்தில் ஷோரூம் சொல்வது பாதி சரி. திரை மாற்றினால் இன்ஜின் வாரண்டி தானாகப் போய்விடுவது வழக்கமில்லை. ஒயரை வெட்டி அதனால் மின்கோளாறு வந்தால், அந்தச் செலவை அவர்கள் மறுப்பார்கள். எதெல்லாம் வாரண்டிக்குள் வராது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனி ஆக்சசரியாகவே திரை கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். எப்படிப் போட்டாலும் அந்தப் பணத்தைக் கடனில் சேர்க்காமல் கையிலிருந்து கொடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது உங்கள் போனையும் கேபிளையும் எடுத்துப் போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியன்ட்டில் போனை இணைத்து, வழக்கமாகப் போகும் ஓர் இடத்துக்கு மேப் போட்டு ஓட்டிப் பாருங்கள். வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறதா, இணைப்பு அறுந்து அறுந்து வருகிறதா என்று கவனித்துவிட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள்.