எலுமிச்சை புட்டிங் ஏன் மேலே கேக்காகவும் அடியில் சாஸாகவும் பிரிகிறது?

ஆஸ்திரேலியாவில் ‘லெமன் டெலிஷியஸ்’ என்று அழைக்கப்படும் இந்த புட்டிங், ஒரே மாவை அவனில் சுட்டு இரண்டு அடுக்காக எடுக்கும் இனிப்பு.

மாவு மிகவும் நீர்க்க இருப்பதுதான் காரணம். 3 மஞ்சள் கரு, 150 கிராம் சர்க்கரை, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், 2 எலுமிச்சையின் துருவிய தோல், 80 மில்லி சாறு, மைதா வெறும் 40 கிராம், பால் 250 மில்லி. (சாறு பட்டுப் பால் லேசாகத் திரிந்தாலும் கவலையில்லை.) கடைசியில், அடித்து நுரைத்த 3 வெள்ளைக் கருவை மெதுவாக மடித்துச் சேர்க்க வேண்டும். டம்ளரில் ஆற்றிய காபி மாதிரிதான்: நுரை மேலே நின்று கேக்காகிறது, கனமான திரவம் கீழே தங்கி கஸ்டர்டாகக் கெட்டியாகிறது. அழுத்திக் கலக்கினால் நுரை அடங்கிவிடும், அடுக்கு பிரியாது.

பாத்திரத்தை, அதன் பாதி உயரம் வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்து 170 டிகிரியில் 35–40 நிமிடம் சுடுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாததால் அடியிலுள்ள முட்டை திரியாது.

பரிமாறும்போது மொறுமொறுப்பான இஞ்சி பிஸ்கட்டைப் பக்கத்தில் வையுங்கள். மேலே செருகினால் ஈரம் இழுத்து நமத்துவிடும்.

அடியில் தளதளவென்று இருப்பது வேகாத மாவு அல்ல, அதுதான் சாஸ். மறுபடி அவனில் வைக்காதீர்கள்.