அப்பாவின் ஃபியட்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1968ஆம் ஆண்டு ஃபியட் 1100 காரை, புனேயிலிருந்து குடிபெயர்ந்தபோது சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பதிவெண் இன்னும் மகாராஷ்டிராவுடையது. விண்டேஜ் பதிவு வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: காரை ஓட்டப் போகிறீர்களா, துடைத்து வைத்து அழகு பார்க்கப் போகிறீர்களா? ஐம்பது வயது கடந்த காருக்கு 2021ஆம் ஆண்டு விதிப்படி விண்டேஜ் பதிவாக ‘விஏ’ வரிசையில் எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் தெருவில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பேரனோடு கடற்கரைக்குப் போக நினைப்பவருக்கு இது வீண் செலவு என்பேன். சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வேறு மாநில எண்ணோடு பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருக்கக் கூடாது. பதிவை இங்கே மாற்ற, புனே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்குங்கள். அப்பா எந்தக் காலத்திலோ அடைத்த கடன் ஆர்.சி. புத்தகத்தில் நீக்கப்படாமல் இருந்தால், அதுவே பெரிய அலைச்சல்.

காகிதத்தைவிட உப்புக்காற்றுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் உள்ள மிதியடியைத் தூக்கிவிட்டு, தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்திப் பாருங்கள். பொத்தென்று உள்ளே இறங்கினால் டிங்கரிங் வேலைக்குத் தயாராகுங்கள். மேலே பெயின்ட் பூசித் தப்பிக்க முடியாது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். ஆகவே பெட்ரோல் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரம் எனும் சவ்வையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் உடனே மாற்றிவிடுங்கள்.

காப்பீட்டில் காரின் மதிப்பை நிறுவனத்தோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். புகைப்படங்களும் பழுதுபார்ப்பு ரசீதுகளும் கையில் இருந்தால் பேரம் பேசலாம்.