தாடைக்குக் கீழே நீர் வீக்கம்: புழு மருந்து கொடுத்தும் ஆடு தேறாதது ஏன்?

கேள்வி: மழை விட்ட பிறகு என் 18 வெள்ளாடுகளில் நான்குக்குத் தாடைக்குக் கீழே பை போல வீங்கியிருக்கிறது. காலையில் வற்றினாற்போல் இருக்கிறது, சாயங்காலம் பெரிதாகிவிடுகிறது. கழிச்சல் இல்லை. மேய்ச்சலில் பின்தங்குகின்றன. ஒன்று செத்துவிட்டது. போன மாதம்தான் எல்லா ஆட்டுக்கும் அல்பெண்டசோல் தலா 5 மில்லி ஊற்றினேன். இது தொண்டை அடைப்பானா? ஊசி போடலாமா? (ஒரு விவசாயி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: தொண்டை அடைப்பானாக இருக்க வாய்ப்புக் குறைவு ஐயா. அது பாக்டீரியா நோய். காய்ச்சல் 105 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும், வீக்கம் சூடாக இருக்கும், தொட்டால் ஆடு துடிக்கும், மூச்சுத் திணறி ஓரிரு நாளில் செத்துவிடும். நீங்கள் சொல்லும் வீக்கம் காலையில் வற்றி, தலை குனிந்து மேய்ந்த பின் மாலையில் பெருக்கிறது. இரத்தத்தில் புரதம் குறைந்து நீர் கீழே இறங்குவதன் அடையாளம் அது. விரலால் அழுத்தினால் குழி விழும், வலி இருக்காது. அதைக் கீறவோ சூடு போடவோ வேண்டாம். ஆன்டிபயாடிக் ஊசியாலும் பயனில்லை.

இன்றே கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். வெள்ளைக் காகிதம் போல வெளிறியிருந்தால் ஹீமான்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழுதான் முதல் சந்தேகம். நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி போய்விடும். இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் வராது. அதனால்தான் பலர் இதைக் கவனிக்காமலே ஆட்டை இழக்கிறார்கள். இனி ஏதாவது ஆடு செத்தால் நான்காம் இரைப்பையைத் திறக்கச் சொல்லுங்கள். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போல 2-3 சென்டிமீட்டர் புழுக்கள் கண்ணுக்கே தெரியும். குளத்தங்கரையில் மேய்கிற ஆடென்றால் ஈரல் தட்டைப்புழுவும் இதே வீக்கத்தைத் தரும். எனவே புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதிப்பது அவசியம்.

அல்பெண்டசோல் வேலை செய்யாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது அளவு. 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம்தான் இருக்கும். நீங்கள் ஊற்றிய 5 மில்லி 125 மில்லிகிராம். வெள்ளாடு இம்மருந்தைச் செம்மறியைவிட வேகமாக உடலிலிருந்து வெளியேற்றிவிடும் என்பதால் கிலோவுக்கு 10 மில்லிகிராம் தேவை. 25 கிலோ ஆட்டுக்கு அது 10 மில்லி. எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி 660 ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு வரும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் 24.6 கிலோ. சினை பிடித்த முதல் மாதத்தில் மட்டும் அல்பெண்டசோல் வேண்டாம், குட்டிக்கு ஊனம் வரக்கூடும்.

இரண்டாவது, எதிர்ப்புத்திறன். ஒரே மருந்தைக் குறைந்த அளவில் எல்லா ஆட்டுக்கும் திரும்பத் திரும்ப ஊற்றினால், அதைத் தாங்கும் புழுக்கள் மட்டுமே மிஞ்சிப் பெருகும்.

வெளிறிய ஆடுகளுக்கு இப்போது வேறு வகை மருந்து வேண்டும். குளோசன்டெல் இரத்தம் உறிஞ்சும் புழுக்களுக்கென்றே உள்ளது, கிலோவுக்கு 10 மில்லிகிராம் வாய்வழி. அளவு மிஞ்சினால் கண் பார்வை போய்விடும். பால் கறக்கும் ஆட்டுக்குக் கொடுக்கக் கூடாது. லெவாமிசோல் என்ற இன்னொரு புழு மருந்திலும் சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு, மெலிந்த ஆட்டுக்கு ஆபத்து. எனவே எது, எவ்வளவு என்பதை மருத்துவர் எடை பார்த்து முடிவு செய்யட்டும். இறைச்சிக்கு விற்கக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் அவரிடமே கேளுங்கள். மருந்தை நாக்கின் பின்புறம் மெதுவாக ஊற்றுங்கள். தலையை அண்ணாந்து பிடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இமை வெளுத்த ஆட்டைத் துரத்தவோ தொலைவுக்கு ஓட்டவோ கூடாது. உடலில் இரத்தம் இல்லாததால் அந்த அலைச்சலிலேயே விழுந்து செத்துவிடும். கொட்டிலில் நிறுத்தி அகத்தி, சூபாபுல் தழையும் தினம் 100 கிராம் கடலைப் புண்ணாக்கும் கொடுங்கள். இரும்புச்சத்து ஊசி மருத்துவர் சொன்னால் மட்டும். இமை சிவக்கச் சில வாரங்கள் ஆகும், அவசரப்பட்டு மறுபடி மருந்து ஊற்றாதீர்கள்.

இமை நல்ல சிவப்பாக உள்ள ஆடுகளை விட்டுவிடுங்கள். அவற்றில் இருக்கும் சில புழுக்கள் மருந்துக்கு மடியக்கூடியவை. அவை மேய்ச்சல் நிலத்தில் மருந்தைத் தாங்கும் புழுக்களோடு கலந்திருந்தால் எதிர்ப்புத்திறன் சீக்கிரம் பரவாது, அது நமக்கு நல்லது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா இமைகளையும் பாருங்கள், புதிதாக வெளுத்தவற்றுக்கு மட்டும் முழு அளவு மருந்து கொடுங்கள்.

புழுக்கையில் விழுந்த முட்டை ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்திலேயே நோய் தரும் இளம்புழுவாகிவிடும். அது பனி ஈரத்தில் புல்லின் அடிப்பகுதியில் ஏறி நிற்கும். பனி காய்ந்த பிறகு ஓட்டுங்கள், கட்டைப் புல்லில் விடாதீர்கள், ஒரே துண்டு நிலத்தில் நான்கு நாளுக்கு மேல் நிறுத்தாதீர்கள்.

மருந்து கொடுக்கும் நாளன்று அதே ஆடுகளின் புழுக்கையை எடுத்து வையுங்கள், 14 நாள் கழித்து மறுபடி எடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதம் குறையாவிட்டால் அந்த மருந்தும் உங்கள் மந்தையில் தோற்றுவிட்டது, அந்த அறிக்கையோடு மருத்துவரைப் பாருங்கள்.