வானத்தில் உங்களுக்கு மிகப் பிடித்தது எது? நகர வெளிச்சத்திலிருந்து அதைப் பார்க்க முடியுமா?

சனியின் வளையம் என்று பாதிப் பேர் சொல்வார்கள், அதில் தப்பே இல்லை. நம் ஊர் ஆசாமி என்றால் ஒமேகா சென்டாரியைச் சொல்ல வேண்டும். 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டு நிற்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் மலேசியாவின் பினாங்குத் தீவிலிருந்து தெற்கே நன்றாகத் தெரியும். லண்டனில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அது உதிப்பதே இல்லை, அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஆனால் பினாங்கின் ஜெலுத்தோங்கில் என் வீட்டுக்குத் தெற்கே பாயான் லெப்பாஸ் பகுதியின் வெளிச்சம் வந்து கெடுக்கும்.

அதனால் என் ஓட்டு பூசத்துக்குத்தான்.

தைப்பூசத்தில் வருகிற அதே பூசம். கடக ராசியில், பூச மீன்களை ஒட்டியே எம்44 என்ற விண்மீன் கூட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 600 ஒளியாண்டு தூரம், ஆயிரம் விண்மீன்கள் வரை தேறும். வெறுங்கண்ணுக்கு ஒரு புகைத்திட்டு. அதில் நாற்பதுக்கும் மேல் விண்மீன்கள் இருப்பதாக 1610இல் கலிலியோ எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், தைப்பூசத்தன்று மட்டும் இது கண்ணில் படாது. பூசத்தில் பௌர்ணமி கூடுகிற நாள் அல்லவா? நிலா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சின்ன வயதில் ரதத்துக்குப் பின்னால் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு நடக்கும்போது அம்மா நிலாவைக் காட்டிக் கும்பிடச் சொல்வார். அந்த வெளிச்சத்துக்குள் ஒரு கூட்டமே மறைந்திருப்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது.

தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் பொறுங்கள். நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும். அந்த மாதங்களில் இங்கே மழையும் குறைவு. இரவு பத்து மணிக்குக் கிழக்கே பாருங்கள். மேலே புனர்பூசத்தின் இரட்டை மீன்கள், கீழே மகம், இரண்டுக்கும் நடுவே பூசம். பஞ்சாங்க வரிசை தெரிந்தவருக்கு வரைபடமே வேண்டாம் (ஆயில்யம் மட்டும் கொஞ்சம் தெற்கே ஒதுங்கி நிற்கும்). வெளிச்சம் குறைந்த பாலிக் பூலாவ் பக்கம் போனால் கண்ணாலேயே தெரியும். என் மாடியிலிருந்து 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) இல்லாமல் நடக்காது.

தொலைநோக்கியில் பார்க்காதீர்கள். இது தெரியாமல் ஆறு அங்குலக் குழாய் ஒன்றை வாங்கி, இரண்டு இரவு தேடி, அங்கங்கே சிதறிய நாலைந்து புள்ளிகளைப் பார்த்து இடம் தப்பிவிட்டது என்று மூடி வைத்தேன். இடம் சரிதான். கூட்டத்தின் அகலம் மூன்று முழுநிலவு அளவு, என் குழாயில் தெரிந்ததோ அதில் ஒரு மூலை. பைனாகுலரில் முழுசாக அடங்கி, தரையில் சிந்திய கல்லுப்பு மாதிரி மினுங்கும்.

மார்ச்சில் பத்தரை மணிக்கெல்லாம் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். கழுத்தை முறித்துக்கொள்ளாமல் மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்துவிடுங்கள். கொசுவத்தி முக்கியம்.