ஷார்ஜா பள்ளியில் வேலை முடிந்து சென்னை வந்தாகிவிட்டது, கிராஜுவிட்டி வரவில்லை. என்ன செய்வது?

கேள்வி: என் அக்கா ஷார்ஜாவில் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வருடம் டீச்சராக இருந்துவிட்டு மார்ச்சில் சென்னை திரும்பினார். செட்டில்மென்ட் பணம் கேட்டால் 'அடுத்த மாதம்' என்கிறார்கள். இங்கிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஆனால் அந்த 'அடுத்த மாத'த்துக்காக அக்கா இனி ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அமீரகச் சட்டப்படி வேலை முடிந்த 14 நாளுக்குள் சம்பள பாக்கி, எடுக்காத விடுப்புக்கான பணம், கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். இழுத்தடித்தால் ஊருக்குப் போனவர்கள் ஓய்ந்துவிடுவார்கள் என்று சில பள்ளிகளுக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களை இப்படி அலைய விடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நானும் அங்கே கணக்கு டீச்சராக இருந்தவள்தான், இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறேன். விசா கேன்சல் செய்யும் நாளில் ஒரு தாளை நீட்டினார்கள். அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த அந்தத் தாளில், 'எனக்குச் சேர வேண்டியதை எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி. கணக்கில் ஒரு திர்ஹம்கூட ஏறியிருக்கவில்லை. வீட்டைக் காலி செய்து, டிக்கெட்டும் போட்ட பிறகுதான் அந்தத் தாள் நம் கைக்கு வரும். பணம் ஏறட்டும், அப்புறம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என்னுடன் வேலை பார்த்த தாம்பரத்துக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரும் பிறகு சென்னையிலிருந்தே புகார் கொடுத்துப் பணத்தை வாங்கினார். அவருக்குக் கைகொடுத்தது வங்கி ஸ்டேட்மென்ட்தான். அதனால் அக்கா கையெழுத்துப் போட்டிருந்தாலும் மனம் தளர வேண்டாம்.

எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். கடைசியாக வாங்கிய பேசிக்தான் கணக்கு, அலவன்ஸ் சேராது. உதாரணமாக மொத்தச் சம்பளம் 5,000 திர்ஹம், பேசிக் 2,500 என்று வையுங்கள். ஏழு வருடத்துக்கு 105 நாளும் 60 நாளும் சேர்ந்து 165 நாள், அதாவது 13,750 திர்ஹம். நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். சம்பளத்தில் பாதியை அலவன்ஸ் என்று பிரித்து எழுதுவதால் பள்ளிக்கு எவ்வளவு மிச்சம் பாருங்கள். அதனால் ஆஃபர் லெட்டரை விட, அமீரக மனிதவள அமைச்சகத்தில் பதிவான லேபர் கான்ட்ராக்ட்டில் பேசிக் எவ்வளவு என்று இருக்கிறதோ அதைப் பாருங்கள். தானாக ராஜினாமா செய்ததால் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது பழைய சட்டம். 2022 பிப்ரவரியில் வந்த புதிய சட்டத்தில் அந்தக் கழிவு இல்லை.

இனி புகார். அங்குள்ள மனிதவள அமைச்சகத்தின் செயலியிலோ இணையதளத்திலோ கொடுக்கலாம். கான்ட்ராக்ட், ராஜினாமாக் கடிதம், கடைசி மாதங்களின் வங்கி ஸ்டேட்மென்ட், பள்ளியுடன் நடந்த மின்னஞ்சல் எல்லாம் கையில் இருக்கட்டும். போனில் சொன்னதை எல்லாம் 'இன்று நீங்கள் சொன்னபடி' என்று ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அமீரக சிம்மையும் வங்கிக் கணக்கையும் மூட வேண்டாம், ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

அமைச்சகம் முதலில் இரு தரப்பையும் பேச வைக்கும். பாதியை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள் என்று பள்ளி கேட்கலாம். ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2024 முதல் 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளில் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லலாம். டீச்சர்களின் கிராஜுவிட்டி பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கும். வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் உரிமை கோர வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

குவைத், ஓமான், சவுதி என்றால் கணக்கு வேறு. குவைத்திலும் சவுதியிலும் ராஜினாமா செய்தால் இத்தனை வருடம் வரை இவ்வளவுதான் என்ற கழிவு இன்னும் இருக்கிறது.

நீதிமன்றம் வரை போனால் அங்கே இருக்கும் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டி வரலாம். நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். நேரமும் செலவும் பிடிக்கும், அதனால் அமைச்சகத்திலேயே முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

கூடவே இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். அங்குள்ள இந்தியத் தூதரகத்தால் பள்ளியைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அங்கிருந்து ஒரு கடிதம் போனால் பள்ளி பதில் சொல்லத் தொடங்கும். சேப்பாக்கம் எழிலகத்தில் அயலகத் தமிழர் நல ஆணையரகம் இருக்கிறது, அங்கேயும் ஒரு மனு கொடுங்கள். அமீரகத்தில் கொடுத்த புகார் எண்ணை இரண்டு இடத்திலும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.