சேர்வராயன் மலைக்குச் சட்டைப்பையில் என்ன எடுத்துப்போவது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர், சேலம் அழகாபுரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற்காட்டுக்கு ஏறுகிறோம். ஆன்லைனில் வாங்கிய ‘சர்வைவல் கிட்’ டப்பாவில் தூண்டில் முள், கம்பி ரம்பம், பொத்தான் அளவு திசைகாட்டி, பிளேடு, தீக்குச்சி எல்லாம் இருக்கின்றன. இது போதுமா?

பதில்: தூண்டில் முள்ளையும் ரம்பத்தையும் முதலில் வெளியே எடுங்கள். வாரக்கணக்கில் ஆளில்லாக் காட்டில் மாட்டிக்கொள்பவருக்கான சாமான் அது. சேர்வராயன், எஸ்டேட்டும் மலைக்கிராமமும் நிறைந்த மலை. இங்கே மூடுபனியில் தடம் தவறும், கால் பிசகும், அதற்குள் இருட்டிவிடும். ஒரு ராத்திரியைக் கடத்த வேண்டும், தேடி வருபவர்களுக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் தேவை.

பெரிய எதிரி குளிர். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அதனால் மேலே எட்டு டிகிரி வரை குறையும். ஐப்பசி மழையில் நனைந்த பனியனோடு காற்றில் உட்கார்ந்தால் தாங்காது. பளபளக்கும் ஃபாயில் போர்வையை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். உண்ணிச்செடி முள்ளில் ஒரு தடவை மாட்டினால் கிழிந்துவிடும். என் ஓட்டு கெட்டியான பெரிய குப்பைப் பைக்கு. முகம் வெளியே தெரிய ஓரத்தில் ஓர் ஓட்டை வெட்டித் தலைவழியே மாட்டிக்கொண்டு, காய்ந்த சருகைக் குவித்து அதன்மேல் உட்காருங்கள். வெறும் தரைதான் சூட்டை உறிஞ்சும்.

அடுத்தது விசில். கத்தினால் சீக்கிரமே தொண்டை கட்டிவிடும். மும்மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்திக் காது கொடுங்கள். அப்புறம் ஒரு குட்டி டார்ச், பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று.

குளோரின் மாத்திரை வைக்கலாம். ஒரு லிட்டருக்கானதா, 20 லிட்டருக்கானதா என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள். போட்டபின் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கிருமிதான் சாகும், பூச்சிமருந்து போகாது. காபித் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையை நம்ப வேண்டாம்.

தீக்குச்சி வேண்டாம். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றமும்கூட. பாம்புக்கடிக்கு பிளேடும் கட்டுக்கயிறும் கூடவே கூடாது. அசையாமல் இருந்து 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் 112 என்ற அவசர உதவி எண்ணை முயன்று பாருங்கள், வேறு கம்பெனி டவர் வழியாகப் போக வாய்ப்புண்டு.

திசைகாட்டி இருந்துவிட்டுப் போகட்டும், கனம் இல்லை. ஆனால் விசில் மட்டும் டப்பாவுக்குள் வேண்டாம், கழுத்தில் தொங்கட்டும்.