மஞ்சள் பூவை நம்பிச் சமைக்கலாமா?

கேள்வி: மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லித் தந்த செடியை ஒரு நர்சரியில் வாங்கி மாடித்தோட்டத்தில் வைத்தேன். மழைக்குப் பிறகு அது தொட்டியை மீறிப் படர்ந்து நிறையப் பூத்திருக்கிறது. கீரையாகச் சமைப்பதற்கு முன், தோட்டம் வைத்திருக்கும் தோழிகளுக்குப் பூவைப் படம் எடுத்து அனுப்பினேன். இருவர் கரிசலாங்கண்ணிதான் என்கிறார்கள். ஒருவர் மட்டும் அது வெறும் அழகுச்செடி என்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?
– வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்குச் சமைக்க வேண்டாம். மூன்றாவது தோழி சொல்வது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரில் சிங்கப்பூர் டெய்சி என்ற படரும் அழகுச்செடி கைமாறுவது நெடுநாளாக நடந்துவரும் ஆள்மாறாட்டம். அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகிய பகுதிகளிலிருந்து தரையை மூடும் செடியாக உலகெங்கும் கொண்டு செல்லப்பட்டது. தாவரவியலில் அதற்கு ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா என்று பெயர். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியோ ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால், நீண்ட காம்பின் நுனியில் தனித்து நிற்கும் அந்த மஞ்சள் பூவை மேலிருந்து மட்டும் பார்த்துப் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கும் கடினம். நீங்கள் பூவை மட்டும் அனுப்பியதால்தான் உங்கள் தோழிகளுக்குள் கருத்து வேறுபட்டது.

அடையாளம் இலையில் இருக்கிறது. சிங்கப்பூர் டெய்சியின் இலை சற்றுத் தடித்துப் பளபளப்பாக இருக்கும். நடுப்பகுதியில் இருபுறமும் ஒவ்வொரு மடல் பிரிந்து, மூன்று முனைகள் கொண்டதாகத் தெரியும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை அப்படிப் பிரியாது. அது நீண்டு ஒடுங்கி, காம்பு ஏறக்குறைய இல்லாமல், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். விளிம்பில் ஓரிரு சிறு பற்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: சிங்கப்பூர் டெய்சியிலும் சில இலைகள் மடல் விடாமல் இருப்பதுண்டு. ஆகவே ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராமல், ஒரு கொடியின் அடியிலிருந்து நுனிவரை எல்லா இலைகளையும் பாருங்கள்.

மறுபடியும் தோழிகளிடம் கேட்கும்போது, கொடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வெள்ளைத் தாளின் மேல் பரப்பி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். இலையின் மேற்புறம், அடிப்புறம், கணு, பூவின் பின்பக்கம் ஆகியவை தனித்தனியாகத் தெரிய வேண்டும். செடி வெயிலில் நிற்கிறதா நிழலிலா, கசக்கினால் என்ன வாசனை வருகிறது என்பவற்றையும் எழுதுங்கள். படம் இவற்றைச் சொல்லாது. பெயரைச் சொல்பவரிடம் "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். இதில் தலைகளை எண்ணிப் பயனில்லை. இரண்டு செடிகளையும் வளர்த்துப் பார்த்த ஒருவர் இலையைக் காட்டிச் சொல்லும் காரணம், படத்தைப் பார்த்தவுடன் பத்துப் பேர் சொல்லும் பெயரைவிட மேலானது. அதன் பிறகும் ஐயம் தீராவிட்டால், பூவோடு கூடிய கொடியைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தி உலர்த்தி, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டுங்கள். கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் தென்னிந்தியத் தாவரங்கள் இப்படி உலர்த்தித்தான் தலைமுறைகளாகப் பாதுகாக்கப்படுகின்றன.

சிங்கப்பூர் டெய்சி என்று உறுதியானால், வெட்டிய கொடிகளை வாய்க்கால் ஓரத்தில் வீசிவிடாதீர்கள். கணு மண்ணைத் தொட்டால் போதும், வேர்விட்டுவிடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: வேலியோரம் மழைக்கு முளைத்த ஒரு கொடியைப் பெருவள்ளி என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். இலை குறுகலாக இருக்கிறது, நுனி சுருண்டு கம்பியைப் பிடித்திருக்கிறது. கிழங்கைத் தோண்டிப் பார்க்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: தோண்டிச் சாப்பிடும் எண்ணத்தை உடனே கைவிடுங்கள். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருள்வது செங்காந்தளின் அடையாளம். பெருவள்ளியின் இலை இதய வடிவில் அகன்றிருக்கும். அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டுதான் சுற்றிக்கொண்டு ஏறும். உங்கள் வட்டாரத்தில் விதைக்காகக் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்களே, அதே செடிதான் இது. இதன் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது; வேகவைத்தாலும் அது அழியாது. உண்ணும் கிழங்கு என்று எண்ணி இதைச் சாப்பிட்டவர்கள் உயிரிழந்ததுண்டு. பெரியவரிடமும் இன்றே, இலை நுனியைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அவர் வேறு யாருக்கும் இதைப் பரிந்துரைத்திருக்கலாம். கொடியை அழிக்க வேண்டியதில்லை. நம் மாநில மலர் அது. குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத இடமாக இருந்தால் பூக்க விடுங்கள்.

கேள்வி: தொட்டி மண்ணில் தானாக வந்திருப்பது மூக்கிரட்டையா, சாரணையா? இரண்டு பெயரையும் சொல்கிறார்கள்.
– வாசகி, விருதுநகர்

பதில்: இரண்டும் தரையோடு படர்பவை, இரண்டிலும் எதிரெதிராக வரும் இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருக்கும். ஆகவே இலையை வைத்து வாதாட வேண்டாம், பூக்கும்வரை பொறுத்திருங்கள். சாரணையின் பூ இலைக்கக்கத்தில் தனியாக, பாதி உறைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கும். மூக்கிரட்டையோ மெல்லிய கிளைக்காம்புகளை நீட்டி, அவற்றின் நுனியில் இளஞ்சிவப்பில் சிறு பூக்களைக் கொத்தாக விடும். அதன் காயைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்.